ஈச்சனாரியிலிருந்து பழனிக்கு: இரண்டு பேர், ஐந்து நாள், முதுகில் பை

தை பிறந்துவிட்டால் கொங்குச் சீமையில் எந்த ரோட்டில் நின்றாலும் பழனியைப் பார்த்து நடக்கிறவர்கள் கண்ணில் படுவார்கள். ஊர்க் கூட்டத்தோடு போகிறவர்களுக்குக் குருசாமி இருக்கிறார், மூட்டை முடிச்சை ஏற்ற வேன் இருக்கிறது, மூன்று வேளையும் சோறாக்கிப் போட ஆள் இருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்கு இல்லை. வேனும் கிடையாது, குருசாமியும் கிடையாது, நானும் என் சிநேகிதனும் (அல்லது சிநேகிதியும்) அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறோம் என்று முதல்முறையாகக் கிளம்புகிற இருவருக்கு.

இருவர் நடையில் வேகத்தை முடிவு செய்வது நான்கு பாதங்களில் எது மோசமோ அந்தப் பாதம்தான். தெம்பு போய்த் திரும்பியவர்கள் குறைவு. பாதம் புண்ணாகிப் பஸ் ஏறியவர்கள்தான் அதிகம். அதனால் கீழே பாதத்துக்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறோம்.

எப்போது கிளம்புவது

தைப்பூசம் ஜனவரிப் பிற்பாதியிலோ பிப்ரவரியின் முதல் பாதியிலோ வரும். பூசத்துக்கு முந்தின நான்கைந்து நாள் ரோடெல்லாம் ஆட்கள். அன்னதானத்துக்குக் குறைவிருக்காது; ஆனால் படுக்க இடம், குளிக்க இடம், கக்கூஸ் மூன்றுக்கும் திண்டாட்டம். பழனியில் தரிசன வரிசை பல மணி நேரம் நிற்கும். முதல்முறை போகிற இருவர், பூசத்துக்கு எட்டுப் பத்து நாள் முன்பே பழனி சேர்ந்துவிடுகிற மாதிரித் தேதி போடுவது நல்லது. அப்போதே ரோட்டில் ஆட்கள் நடக்க ஆரம்பித்திருப்பார்கள், நீங்கள் தனியாகத் தெரிய மாட்டீர்கள். விடியலில் 19, 20 டிகிரி குளிர். நண்பகலில் 30ஐத் தொடும். நடைக்கு இதைவிட நல்ல பருவம் இந்தப் பக்கம் கிடையாது.

பொங்கல் விடுமுறை, மாதக் கிருத்திகை, சனி ஞாயிறு ஆகிய நாட்களில் பழனி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் பழனிக்கு வந்து குவிவார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்து நடக்கிற வழக்கம் நம் பக்கம் பெரிது என்றாலும், அந்த வெயிலும் தார் ரோடும் புது ஆளுக்குச் சரிப்படாது. அதை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழியும் நாள் கணக்கும்

கோவைக்காரர்களுக்கு வழி பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம், பழனி. உக்கடத்திலிருந்து கணக்குப் போட்டால் நூற்றைந்து கி.மீ. பக்கம் வரும். ஆனால் உக்கடத்திலிருந்து நடக்காதீர்கள். ஆத்துப்பாலம், குறிச்சி, சுந்தராபுரம் என்று முதல் ஏழெட்டுக் கி.மீ. மேம்பாலத்துக்கு அடியிலும் ஹாரன் சத்தத்திலும்தான் போகும். பஸ்ஸில் ஈச்சனாரி வந்து, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு அங்கிருந்து அடி எடுத்து வையுங்கள். மிச்சம் நூறுக்குச் சற்றுக் குறைவு.

அதை ஐந்து நாளாகப் பிரிக்கலாம். தூரங்கள் ஒன்றிரண்டு கி.மீ. முன்பின் இருக்கும்.

முதல் நாள்: ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு. 14 கி.மீ.
இரண்டாம் நாள்: கிணத்துக்கடவு முதல் பொள்ளாச்சி. 20 கி.மீ.
மூன்றாம் நாள்: பொள்ளாச்சி, கோமங்கலம், உடுமலை. 29 கி.மீ.
நான்காம் நாள்: உடுமலை முதல் மடத்துக்குளம். 17 கி.மீ.
ஐந்தாம் நாள்: மடத்துக்குளம், சாமிநாதபுரம், புஷ்பத்தூர், சண்முகநதி, பழனி. 18 கி.மீ.; அதற்கு மேல் படி.

பழகின ஆட்கள் இதை மூன்று நாளில், ராத்திரியும் பகலுமாக நடந்து முடிப்பார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் கணக்குப் போடாதீர்கள். முதல் நாள் 14 என்பது குறைவாகத் தெரியும். மத்தியானம் கிணத்துக்கடவில் உட்கார்ந்து, 'இன்னும் போலாம் போல இருக்குதே' என்று இருவரும் நினைப்பீர்கள். போகாதீர்கள். முதல் நாள் மிச்சம் வைத்த கால்தான் இரண்டாம் நாள் காலையில் எழுந்து நிற்கும்.

இந்த வழியைப் புது ஆட்களுக்குச் சொல்வதற்கு முக்கியக் காரணம், எந்த இடத்திலும் தப்பித்துக்கொள்ளலாம். பஸ் ரோடு, நின்ற இடத்தில் பஸ் கிடைக்கும். ரோட்டுக்கு ரொம்ப விலகாமல் ரயில் பாதையும் போகிறது: கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம், பழனி எல்லாவற்றிலும் ஸ்டேஷன் உண்டு. ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தங்குமிடம். லாட்ஜ் என்று தைரியமாகப் போய் இறங்கக்கூடிய ஊர்கள் பொள்ளாச்சியும் உடுமலையும்தான். கிணத்துக்கடவிலும் மடத்துக்குளத்திலும் சீசனில் கல்யாண மண்டபம், கோயில் மண்டபம் கிடைக்கும். மற்ற நாளில் நிச்சயமில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, சுமையும் குறையும்:

முதல் நாள் கிணத்துக்கடவு சேர்ந்ததும் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய் அறை எடுங்கள், இரண்டு ராத்திரிக்கு. மறுநாள் விடியலில் பெரிய பையை அறையிலேயே விட்டுவிட்டு, தண்ணீர், தின்பண்டம், மருந்துப் பொட்டலம் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கிணத்துக்கடவு திரும்பி, விட்ட இடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு நடந்து வாருங்கள். உடுமலையிலும் இதே மாதிரி இரண்டு ராத்திரி. நான்காம் நாள் வெறுங்கையோடு மடத்துக்குளம் வரை நடந்து பஸ்ஸில் உடுமலைக்குத் திரும்பலாம். ஆகப் பையோடு நடப்பது முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் மட்டும். மூன்றாம் நாளின் 29 பயமுறுத்தினால், இரண்டாம் நாள் சாயங்காலம் பொள்ளாச்சியைத் தாண்டி உடுமலை ரோட்டில் ஐந்து கி.மீ. நடந்து பஸ்ஸில் திரும்பிவிடுங்கள். மறுநாள் அந்த இடத்தில் இறங்கிக்கொண்டால் 24தான். வேண்டுதல் வைத்து நடக்கிறவர்களில் சிலருக்கு நடுவில் பஸ் ஏறுவது மனசுக்கு ஒப்பாது. அது அவரவர் கணக்கு. ஒரு அடி கூட விடாமல்தான் நடக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

பொள்ளாச்சியைத் தாண்டியதும் ஒரு எச்சரிக்கை. புதிய நான்கு வழிச்சாலை ஊர்களைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. அதில் டீக்கடை கிடையாது, நிழல் கிடையாது, வண்டிகளோ பறக்கும். போன் வரைபடம் அந்தப் பக்கம் இழுத்தாலும், ஊர் ஊராகப் போகிற பழைய ரோட்டையே பிடியுங்கள். கோமங்கலம் எந்தப் பக்கம் என்று கேட்டால் எந்த டீக்கடையிலும் கையை நீட்டிவிடுவார்கள்.

ஆறு வாரப் பழக்கம்

நடைக்குத் தெம்பு வேண்டும் என்று ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. நடந்தால் போதும், ஆனால் எந்தச் செருப்பில், எந்தப் பையோடு பழனிக்குப் போகிறீர்களோ அதோடு நடக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தினமும் ஐந்து கி.மீ., சுமை இல்லாமல். அடுத்த இரண்டு வாரம் பையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் மூன்றைப் போட்டுக்கொண்டு தினமும் ஐந்து; ஞாயிற்றுக்கிழமை மட்டும் பன்னிரண்டு. ஒரு பாட்டில் ஒரு கிலோ, எடை பார்க்கத் தராசு தேவையில்லை. ஐந்தாம் வாரம்தான் பரீட்சை: சனிக்கிழமை 18 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 15 கி.மீ., இரண்டு நாளும் ஐந்து பாட்டில் சுமையோடு, இருவரும் சேர்ந்து. சனிக்கிழமை யாரும் நடந்துவிடலாம். ஞாயிறு காலையில் குதிகால் தரையில் பட விடாது, கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், சாக்ஸ் எங்கே உரசுகிறது என்பது தெரியும். எது வலிக்கிறதோ அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கிறது. ஆறாம் வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாள் சும்மா இருங்கள்.

இந்தச் சனி ஞாயிறு ஒத்திகையைத் தள்ளிப்போடுகிற சிநேகிதனோடு கிளம்ப வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சர்க்கரை நோய், இதய நோய், முட்டித் தேய்மானம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒத்திகையையே தொடங்க வேண்டும்.

பை

கூடாரம், அடுப்பு எதுவும் வேண்டாம். இருபத்தைந்து முப்பது லிட்டர் கொள்ளும் பை போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத் தோன்றும். தண்ணீரோடு சேர்த்து ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு: பை 900 கிராம், மாற்றுத்துணி இரண்டு செட் ஒரு கிலோ, போர்வை அரைக் கிலோவுக்குச் சற்று மேல், தண்ணீர் ஒன்றரைக் கிலோ, போன், சார்ஜர், பவர் பேங்க் அரைக் கிலோ, ரப்பர் செருப்பு 300 கிராம், மருந்துப் பொட்டலம் 300, சோப்பு, பிரஷ், துண்டு 400, தின்பண்டம் 300.

படுக்க பவானி ஜமக்காளம் எடுத்துப் போகலாம் என்று வீட்டில் சொல்வார்கள். கெட்டியானது, குளிருக்கு நல்லது, ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கிற எடை இல்லை. சென்னிமலைப் போர்வையில் மெலிசாக ஒன்று எடுத்துக்கொண்டு, கீழே விரிக்க இரண்டு மீட்டர் தார்ப்பாய்த் துண்டு மடித்துவைத்தால் மண்டபத் தரைக்குப் போதும். டர்க்கி டவல் காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டு ஒன்றே குளிக்க, தலைக்குக் கட்ட, வெயிலுக்குப் போர்த்த எல்லாவற்றுக்கும் ஆகும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்: தொடையிடுக்கில் தையல் உரசும், நனைந்தால் ஒரு நாளாகும் காய.

கனமான சாமான் முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். போர்வை, துணி அடியில். பையை மாட்டியதும் முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள், அதற்குப் பிறகுதான் தோள்பட்டை. தோள் எரிகிறது என்றால் இடுப்புப் பட்டை தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மருந்துப் பொட்டலத்தில்: துணி பிளாஸ்டர் ஒரு ரோல், காஸ் துணி, பெட்டாடின் ஆயின்மென்ட், ஸ்பிரிட் பஞ்சு, இரண்டு ஊசி, முள்வாங்கி, சின்னக் கத்திரி, வாசலின், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட் பத்து, கிரேப் பேண்டேஜ் ஒன்று. காகிதம் மாதிரி இருக்கும் மைக்ரோபோர் வேர்வையில் அரை மணி நேரத்தில் உரிந்துவிடும், துணி பிளாஸ்டர்தான் நிற்கும். கால் வலிக்கு என்று வேறு வலி மாத்திரைகளைத் தினமும் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியானவை, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது கிட்னியைப் பாதிக்கும். வலியை மறைத்துக்கொண்டு நடந்தால் காயமும் பெரிதாகும்.

பாதம்

ஷூவை சாயங்காலத்தில் போய் வாங்குங்கள். காலையைவிட அப்போது பாதம் வீங்கியிருக்கும். நடையில் இன்னும் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். புது ஷூவோடு ஈச்சனாரியில் நிற்காதீர்கள். ஒத்திகையில் குறைந்தது ஐம்பது கி.மீ. நடந்த ஷூவாக இருக்கட்டும். சாக்ஸ் முழுப் பருத்தியாக இருந்தால் வேர்வையைக் குடித்து ஊறிப்போகும். நைலான் கலந்தது நல்லது. மூன்று ஜோடி: ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று பைக்கு வெளியே தொங்கிக் காய்ந்துகொண்டு.

கொப்புளம் வர மூன்று சேர வேண்டும்: சூடு, ஈரம், உரசல். ஒன்றைத் தடுத்தாலும் பாதி வெற்றி. தை மாசத்துப் பனியில் விடியலில் ரோட்டோரப் புல்லில் நடந்தால் ஷூ நனைந்துவிடும். வெயில் ஏறும்போது அதே ஈரத்தில் சூடும் சேரும். இருட்டில் வண்டி வரும்போது புல்லுக்கு ஒதுங்கத்தான் வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாகச் சாக்ஸை மாற்றிவிடுங்கள்.

நடக்கும்போது குதிகாலிலோ விரலடியிலோ ஓர் இடம் மட்டும் சுரீரென்று சுட ஆரம்பித்தால் செய்ய வேண்டியது:

1. அந்த இடத்திலேயே நில்லுங்கள். 'அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்' என்ற அந்த ஒன்றரைக் கி.மீ.தான் சிவப்பைக் கொப்புளமாக்கும்.

2. ஷூ, சாக்ஸ் கழற்றி, துண்டால் துடைத்து, ஐந்து நிமிஷம் காற்றில் காயவிடுங்கள். சாக்ஸை உதறி, உள்ளே மணல் இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

3. சிவந்த இடத்தைவிட ஒரு விரலகலம் பெரிதாகத் துணி பிளாஸ்டர் வெட்டி, நான்கு மூலையையும் வட்டமாகக் கத்தரித்து, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்து சாக்ஸில் சுருட்டிக்கொண்டு உரியும்.

4. வாசலின் தடவுவதானால் பிளாஸ்டருக்கு அப்புறம்தான். முதலில் தடவிவிட்டால் எதுவும் ஒட்டாது.

5. கொப்புளமே வந்துவிட்டால்: சின்னது, வலியில்லை என்றால் மூடி ஒட்டிவிடுங்கள். பெரிதாக, மிதித்தால் வலிப்பதாக இருந்தால் கையைக் கழுவி, ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் அடி ஓரத்தில் இரண்டு மூன்று இடம் குத்தி, காஸால் மெல்ல அழுத்தி நீரை எடுங்கள். மேல்தோலைப் பிய்க்கவே கூடாது. கட்டுகளிலெல்லாம் நல்ல கட்டு அதுதான். மேலே பெட்டாடின், காஸ், பிளாஸ்டர். ராத்திரி பிரித்துப் பார்த்துப் புதுக்கட்டு போடுங்கள்.

6. சுற்றிலும் சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் நடை அத்தோடு முடிந்தது, டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களே குத்தக் கூடாது.

தொடையிடுக்கு உரசலுக்கும் வாசலின்தான். எரிச்சல் வருவதற்கு முன்பே, காலையில் கிளம்பும்போதே தடவுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சிநேகிதனிடம் சொல்லாமல் கால் அகட்டி நடப்பவர்கள் உண்டு. அப்படி நடந்தால் மத்தியானத்துக்குள் முட்டி வலிக்கும்.

செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டுதல் இருந்தால் ஒத்திகையும் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், அதுவும் தார் ரோட்டில். ஆறு வாரத்தில் தோல் ஓரளவு கெட்டிப்படும். வெயில் ஏறினால் தார் காலை வேக வைத்துவிடும். காலை ஒன்பதரைக்கு மேலும் சாயங்காலம் நான்கரைக்கு முன்னும் வெறுங்காலில் நடக்காதீர்கள். ரோட்டோர மண்ணில் வேலிக்காத்தான் முள்ளும் நெருஞ்சியும் கிடக்கும். வேலிக்காத்தான் ரப்பர் செருப்பையும் ஊடுருவும். முள் குத்தினால் பிடுங்கிவிட்டு நடந்துவிடாமல், உள்ளே முனை முறிந்து நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். டி.டி. ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டதென்றால் கிளம்பும் முன் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

நாலரைக்கு எழுந்து ஐந்தேகாலுக்கு ரோட்டில் இருங்கள். ஒரு டீ, இரண்டு வாழைப்பழம் போதும். சீரான நடையில் மணிக்கு நாலு, நாலேகால் கி.மீ. போகும். ஐம்பது நிமிஷம் நடை, பத்து நிமிஷம் ஓய்வு. ஓய்வென்றால் பையை இறக்கி, ஷூவைக் கழற்றி, காலைப் பை மேல் தூக்கிவைப்பது. நின்றுகொண்டு போன் பார்ப்பதில்லை. ஓய்வுகளையும் டிபனையும் சேர்த்தால் பத்து மணிக்குள் பதினைந்து கி.மீ. பக்கம் வந்துவிடும். பத்தரைக்கு மேல் நிழலில் படுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் நாலு மணிக்குத் தொடங்கி ஆறேகாலுக்குள் முடியுங்கள். மூன்றாம் நாளுக்கு இந்தச் சாயங்கால நடை கட்டாயம் வேண்டும்.

தொப்பியைப் பற்றி ஒன்று. பொள்ளாச்சி வரை தெற்கே நடக்கிறீர்கள், காலை வெயில் இடது கன்னத்தில் விழும். பொள்ளாச்சியிலிருந்து பழனி வரை கிழக்கு. உதிக்கிற சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். முன்னால் நீட்டிய தொப்பி மூன்றாம் நாளிலிருந்துதான் அருமை தெரியும்.

ஈச்சனாரி முதல் பொள்ளாச்சி வரை ரோட்டை அகலப்படுத்தியதில் பழைய புளிய மரங்கள் போய்விட்டன. நிழலுக்குக் கடை வாசலையும் பஸ் ஸ்டாப்பையும்தான் நம்ப வேண்டும். உடுமலைப் பழைய ரோட்டில் மரங்கள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. மடத்துக்குளத்துக்கு அந்தப் பக்கம் அமராவதிப் பாசனத்தில் வயலும் வாய்க்காலும். பார்க்கக் குளிர்ச்சி, பொழுது சாய்ந்தால் கொசு.

ரோட்டில்

இந்த நடையில் உயிருக்கு ஆபத்து என்றால் அது வண்டிதான். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். சீசனில் போலீசார் நடக்கிறவர்களுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் அந்தப் பக்கம். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகாமல் ஒருவர் பின் ஒருவராக. பின்னால் வருகிறவர் பையில் ஒளிரும் ஸ்டிக்கர், முன்னால் போகிறவர் கையில் டார்ச். காதில் இயர்போன் மாட்டக் கூடாது. விடியலுக்கு முந்தின ஒரு மணி நேரம் டிரைவர்கள் கண் சொக்குகிற நேரம். லாரி வெளிச்சம் கோட்டை விட்டு ஓரத்துக்குச் சாய்ந்தால் யோசிக்காமல் மண்ணில் இறங்கிவிடுங்கள். செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தை; அந்த நாட்களில் மாட்டு லாரிகள் கூடுதலாக ஓடும்.

ராத்திரி நடை குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கூட்டத்தோடு போகிறவர்களுக்குச் சரி. இருவர் மட்டும் என்றால் வேண்டாம்.

புது ஆட்களுக்குப் புரியாத ஒரு வலி உண்டு: இரண்டாம் நாள் ஒரு முட்டி மட்டும், அதுவும் வெளிப்பக்கம் மட்டும் வலிக்கும். மழைத் தண்ணீர் வடிய ரோட்டின் ஓரத்தைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். ஒரே ஓரத்தில் பல மணி நேரம் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், ஒரு கால் எப்போதும் மேட்டில். சமமான மண் ஓரம், சர்வீஸ் ரோடு எங்கே கிடைத்தாலும் அதில் மாறிக்கொள்ளுங்கள்.

விடியலில் ஊருக்குள் நுழையும்போது நாய் துரத்தினால் ஓடாதீர்கள். இருவரும் சேர்ந்து நின்று, கைத்தடியைத் தரையில் தட்டிவிட்டு மெதுவாகக் கடந்தால் விட்டுவிடும். ஒரு மூங்கில் தடி இருவருக்கும் ஆளுக்கொன்று இருப்பது நல்லது. கடைசி நாள் படியில் முட்டிக்கும் உதவும்.

தண்ணீர், சாப்பாடு

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் பையில். நிறுத்துகிற இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் நான்கைந்து லிட்டர் போகும். தாகம் எடுக்கிறபோது குடியுங்கள். வயிறு முட்ட வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் மயக்கமும் வரும். காலை நடையில் ஒரு ஓ.ஆர்.எஸ்., சாயங்காலம் ஒன்று, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில். சுவைக்காகக் கெட்டியாகக் கரைக்க வேண்டாம், வயிற்றைக் கலக்கிவிடும். சிறுநீர் டீ நிறத்தில் போனால் நடையை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகின கோவை வாய்க்கு வழியில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்காமலே நடப்பீர்கள். எலுமிச்சம்பழம் இரண்டு வைத்துக்கொண்டால் இறங்கும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் இறங்கிக் குளிக்கவும் வேண்டாம்: கரை சிமெண்டுச் சரிவு, பாசி வழுக்கும், இழுப்பும் அதிகம். ஏறிவர ஒரு பிடிமானமும் இருக்காது.

காலை டிபன் எட்டு மணிக்கு, இட்லி அல்லது சந்தகை (அரிசிச் சேவை). பூரி, பரோட்டா நடையில் நெஞ்சைக் கரிக்கும். பதினொரு மணிக்குக் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கிடைத்தால் விடாதீர்கள். உப்பும் நீரும் மாவும் ஒரே சொம்பில். பொள்ளாச்சிப் பக்கம் இளநீருக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் முழுச் சாப்பாடு சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு கேட்டுப் பாருங்கள்; வயிற்றுக்கு இதம். கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

மாலை போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் தை மாசத்தில் முதுகில் பையோடு அந்த ரோட்டில் நடந்தால் நீங்கள் பழனிக்குப் போகிறவர்தான். 'வாங்க சாமி, டீ சாப்ட்டுட்டுப் போங்க' என்று கூப்பிடுவார்கள். பிரியமாகக் கொடுப்பதை மறுக்காதீர்கள். ஆனால் ஒவ்வொரு பந்தலிலும் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் ஊர் சேர முடியாது. வயிறு நிறைந்துவிட்டால் 'இப்பத்தானுங்க சாப்ட்டோம்' என்று கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஐந்து நாளும் கவிச்சி, குடி இரண்டும் வேண்டாம். கக்கூஸுக்குப் பஸ் ஸ்டாண்டையும் பெட்ரோல் பங்கையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் நடக்கிறபோது இதை முந்தின ராத்திரியே திட்டமிட வேண்டும்.

இருவருக்குள்

கிளம்பும் முன் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நான்கு விஷயம் பேசி முடித்துவிடுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் நடப்பார், வேகக்காரர் பின்னால். இது தலைகீழானால், முன்னால் போனவர் ஓய்வெடுத்து முடிக்கும்போது பின்னால் வந்தவர் வந்து சேருவார், அவருக்கு ஓய்வே கிடைக்காது. இரண்டாம் நாள் அவர் கால்தான் முதலில் போகும். அடுத்தது பணம்: இருவரும் சமமாகப் போட்டு ஒரு பொதுப் பை, ஒருவர் கையில். தவிரவும் அவரவரிடம் ஒரு நாள் செலவுக்கு, பஸ் கூலிக்குத் தனிப்பணம், ஆதார். மருந்து, பவர் பேங்க், கத்திரி மாதிரி பொதுச் சாமானைப் பங்கிடலாம். தண்ணீரைப் பங்கிடக் கூடாது. மூன்றாவது, பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது: அடுத்த ஊரின் பஸ் ஸ்டாப் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரும்பித் தேடிப் போகாதீர்கள்.

நான்காவதுதான் சங்கடமானது. ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் தொடர்வாரா, கூடவே திரும்புவாரா? இதை வீட்டிலேயே பேசியிருந்தால் ரோட்டில் மனஸ்தாபம் வராது. பேசாமல் வந்தால், முடியாதவர் சொல்லத் தயங்கிப் புண்ணோடு இன்னும் எட்டுக் கி.மீ. நடப்பார். ஒரு நாள் லாட்ஜில் படுத்துவிட்டு மறுநாள் தொடர்வது மூன்றாவது வழி. அதற்காகவே லீவில் ஒரு நாள் உபரியாக எடுத்து வையுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, வெயிலில் வேர்வையே நின்று உடம்பு கொதிப்பது என்றால் பேச்சே இல்லை, 108.

பழனியில்

ஐந்தாம் நாள் சண்முகநதியை எட்டும்போது ஊர் இன்னும் நாலைந்து கி.மீ. இருக்கும். குளிப்பதானால் படித்துறையில், முழங்கால் ஆழத்தில். கொப்புளக் காயம் இருந்தால் ஆற்றில் காலை நனைக்க வேண்டாம், தலைக்குத் தெளித்துக்கொண்டால் போதும்.

நேராக மலையேறாதீர்கள். அறையிலோ பொருள் வைப்பறையிலோ பையைப் போட்டு, இரண்டு மணி நேரம் படுத்து எழுங்கள். அடிவாரத்தில் திருவாவினன்குடிக் கோயில் முதலில், பிறகு கிரிவலம், அதற்கப்புறம் மலை என்பது வழக்கம். படி 693. படி செங்குத்தாக இருப்பதாகத் தோன்றினால் யானைப்பாதை சாய்வாகப் போகும், தூரம் கூடுதல், முட்டிக்கு நல்லது. 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் செல்போனுக்குத் தடை. கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். அதனால் வரிசையில் பிரிந்துவிட்டால் போன் பண்ண முடியாது. எங்கே சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். நூறு கி.மீ. நடந்த கால் அது. ஏறும்போது நடந்து ஏறி, இறங்க விஞ்சோ (மலையில் தண்டவாளத்தில் ஓடும் இழுவை வண்டி) ரோப் காரோ பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை. ரோப் கார் காற்று பலமாக அடித்தாலும் பராமரிப்பு நாளிலும் ஓடாது. நடந்தே இறங்குவதானால் ஷூ போட முடியாது என்பதால் தடியை ஊன்றி, படிக்கு ஒரு கால் என்று பக்கவாட்டாக இறங்குங்கள்.

திரும்புவதற்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறுங்கள். பொள்ளாச்சியில் பஸ் நிற்கும்போது இறங்கி ஐந்து நிமிஷம் நடக்காவிட்டால் உக்கடத்தில் சீட்டிலிருந்து எழுந்திருக்கவே யோசிப்பீர்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தே கிடக்காமல் தினமும் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் இறுக்கம் விடும். பெருவிரல் நகம் கறுத்திருந்தால் பிடுங்காதீர்கள். கீழே புது நகம் வளர்ந்து அது தானாகக் கழன்று விழச் சில மாதம் ஆகும், அதுவரை நுனியை ஒட்ட வெட்டிவைத்தால் சாக்ஸில் மாட்டாது.